அரிச்சந்திரன் ஃபேக்டரிக்கு ஒரு ஐ.வி.!

ஐ.வி.க்கு மும்பை போறீங்களா? கேட்வே ஆஃப் இந்தியா, ஜூஹு பீச், மரைன் டிரைவ்ல ஒரு குரூப் போட்டோ... பிளான் எல்லாம் பக்காவா இருக்குமே! அதுல ஒரே ஒரு நாளை மட்டும் எனக்குக் கடன் கொடுங்க. உங்களை வேற ஒரு ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஹெல்மெட் வேண்டாம், ரிப்போர்ட் எழுத வேண்டாம். பேரு, அரிச்சந்திரன் ஃபேக்டரி!

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஹோம்வொர்க். ‘ஹரிச்சந்திராச்சி ஃபேக்டரி’ என்ற மராத்திப் படத்தைப் பார்த்துடுங்க. பரேஷ் மோகாஷி இயக்கிய முதல் படம். 2009-ல் இந்தியா சார்பாக ஆஸ்கருக்குப் போனது. தாதாசாஹேப் பால்கே 1913-ல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்ற மௌனப் படத்தை எப்படி எடுத்தார் என்பதுதான் கதை. சிவாஜி, பாலசந்தர், ரஜினி எல்லாம் வாங்கினாங்களே ஒரு விருது... அந்த பால்கேயேதான்! ‘சாதனையாளர் கதையா? ஒரே அழுகாச்சியா இருக்குமே’ன்னு பயப்படாதீங்க. படம் முழுக்கச் சிரிப்புதான். சினிமாவில் வேலை பார்க்கிறதே கேவலம்னு ஊர் நினைச்ச காலம் அது. ‘யாராவது கேட்டா, அரிச்சந்திரன்னு ஒருத்தரோட ஃபேக்டரியில வேலைன்னு சொல்லிடுங்க’ன்னு தன் ஆட்களுக்கு ஐடியா கொடுக்கிறார் பால்கே. டைட்டில் காரணம் புரிஞ்சதா?

ரைட், இப்போ லோக்கல் ட்ரெயினைப் பிடிங்க.

ஸ்டாப் 1: கிர்காம்

சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போயிடலாம். 1911-ல் இந்த ஏரியாவில் ஒரு கொட்டகையில்தான் இயேசுவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்தார் பால்கே. ‘நம்ம ராமரும் கிருஷ்ணரும் திரையில வந்தா எப்படி இருக்கும்?’ என்று அங்கேயே பல்பு எரிஞ்சிடுச்சு. அப்போ அவருக்கு வயசு சுமாரா 40. பிரின்டிங் தொழிலை விட்டு வெளியே வந்த நேரம், கையில் காசும் இல்லை. இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வெச்சு 1912-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறி, வில்லியம்சன் கேமராவோடு திரும்பினார். 1913 மே 3-ம் தேதி இதே கிர்காமில், கரோனேஷன் தியேட்டரில் படம் ரிலீஸ். அந்த தியேட்டரை இன்னைக்குத் தேடாதீங்க, இல்லை.

ஸ்டாப் 2: தாதர்

தாதர் கிழக்கில் ‘தாதாசாஹேப் பால்கே ரோடு’ எதுன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. அன்னைக்கு அது தாதர் மெயின் ரோடு. அங்கே பால்கே குடியிருந்த வீடுதான் ஸ்டுடியோ, லேப், மெஸ் எல்லாமே.

ஒரு வடாபாவ் வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு இதைக் கேளுங்க. அந்தக் காலத்து ஃபிலிம் ரோலில் ஓரத்து ஓட்டை இருக்காது. ஓட்டை இருந்தால்தான் கேமராவின் பல்சக்கரம் ஃபிலிமைப் பிடிச்சு இழுக்கும். (மெக்கானிக்கல் பசங்களுக்கு இதைச் சொல்லணுமா என்ன!) வெளிச்சம் பட்டா ஃபிலிம் காலி. ஸோ, ராத்திரி இருட்டுல உட்கார்ந்து மெஷின்ல ஓட்டை போட்டது யார் தெரியுமா? அவர் மனைவி சரஸ்வதிபாய். பகலில் யூனிட் மொத்தத்துக்கும் சமையல், வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடிச்சு நின்னு ரிஃப்ளெக்டர் வேலை, ராத்திரி ஃபிலிம் வேலை. அவங்க நகைகளும் அடகுக்குப் போச்சு. செமஸ்டர் ஃபீஸுக்காக அம்மாவோட வளையல் அடகுக்கடைக்குப் போன கதை நம்மள்ல எத்தனை பேர் வீட்டுல இருக்கு? அவங்களுக்கெல்லாம் சரஸ்வதிபாயை நான் அறிமுகம் செய்யவே தேவையில்லை.

ஸ்டாப் 3: வாங்கணி

கர்ஜத் லோக்கலில் ஏறினால் பத்லாபூருக்கு அடுத்த ஸ்டேஷன். அவுட்டோர் ஷூட்டிங் நடந்த ஊர். வாளும் வேலுமா வந்த கும்பலைப் பார்த்து, ‘கொள்ளைக்கூட்டம்’னு ஊரே மிரண்டுபோச்சாம்.

இன்னொரு கதை சிரிப்பு இல்லை. லோகிதாசனா நடிச்சது பால்கேயின் மகன் பால்சந்திரா. ஷூட்டிங்கில் பையன் கீழே விழுந்து, பாறையில் தலை அடிபட்டு மயக்கமாயிட்டான். ‘உடனே பம்பாய்க்குத் தூக்கிட்டுப் போங்க’ன்னாங்க எல்லோரும். அடுத்து எடுக்க வேண்டியது லோகிதாசன் இறந்துகிடக்கிற சீன். முதலுதவி செஞ்சுட்டு, பையன் மயக்கத்தில் இருக்கும்போதே அந்த சீனை எடுத்து முடிச்சார் பால்கேன்னு சொல்றாங்க.

படத்துல குடும்பமே சேர்ந்து கலாட்டாவா சினிமா எடுக்கிறதைப் பார்த்தப்போ ‘இப்படி ஒரு அப்பா கிடைச்சா ஜாலிதான்’னு நினைச்சேன். வாங்கணி கதை தெரிஞ்ச பிறகு அவ்வளவு ஈஸியா சொல்ல முடியலை. அது வெறியா, பாசமா? ட்ரெயினில் திரும்பும்போது உங்க கேங்கோட சண்டை போட்டுக்கோங்க. எங்க கேங்கில் இன்னும் முடியலை!

போனஸ்: நாசிக்

இன்னொரு நாள் கையில இருக்கா? நாசிக்குக்கு பஸ் பிடிங்க. பாண்டவ்லேணி குகைகளின் அடிவாரத்தில் பால்கே நினைவிடம் இருக்கு. அவர் பிறந்த த்ரியம்பக் பக்கத்தில்தான். பேசும் படம் வந்ததும் தொழிலில் ஓரங்கட்டப்பட்ட பால்கே, 1944-ல் இறந்ததும் நாசிக்கில்தான்.

நாலு ரீல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் இன்னைக்கு மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். புனேயில், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பத்திரமா இருக்கு. இணையத்திலும் கிடைக்கும், தேடிப் பாருங்க. ஃபிரேமில் தெரியறது அரிச்சந்திரனும், தாராமதியா புடவை கட்டி நடிச்ச சலுங்கே என்ற ஆணும். அந்த ஃபிலிம் ஓரத்துல ஓட்டை ஓட்டையா ஓடுதே, திரையில வராதே... அதுல இருக்காங்க சரஸ்வதிபாய்!