எரிந்த கிளைகள்

அமெரிக்கச் சிற்பி டெபோரா பட்டர்ஃபீல்டின் குதிரைகளைப் படத்தில் காண்போர் மரமென்றே எண்ணுவர். நாமும் அப்படித்தான் எண்ணினோம். வெயிலில் வெளுத்த கிளைகளைக் கோத்து நிறுத்திய முழு உயரக் குதிரைகள்; ஆனால் அத்தனையும் வெண்கலம்.

1970களில் அவர் சேறும் சுள்ளியும் கொண்டு குதிரைகள் செய்தார். போர்க்குதிரைச் சிலைகளுக்கு மாற்றாகப் பெட்டைக் குதிரைகள். மேலே வீரன் இல்லை. பின்னரே வார்ப்புக்கு வந்தார். கிளைகளால் குதிரையை முடித்ததும், பல கோணங்களில் படமெடுத்துப் பிரித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கிளைக்கும் பீங்கான் குழம்பு பூசிச் சூளையில் வைக்கிறார்கள். உள்ளிருக்கும் மரம் எரிந்து சாம்பலாகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய வெண்கலம் பாய்கிறது. துண்டுகளைப் படங்களின் துணையோடு பற்றவைத்து, இறுதியில் மரத்தின் நிறத்தை ஊட்டுகிறார்கள்.

சுவாமிமலை வார்ப்பில் மெழுகு உருகி ஓடுவதற்கு நாம் வருந்துவதில்லை. அது வார்ப்புக்கென்றே பிடித்த கரு. இங்கே எரிவதோ முடிந்த சிற்பம். அதை எண்ணினால் நமக்குச் சங்கடமே. படி எடுத்தபின் நைந்த ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்ட வழக்கத்தை வகுப்பில் விளக்கும்போதும் இதே சங்கடம்தான். இக்கிளைகளுக்கு வெண்கலமேனும் மிஞ்சியது. படி எடுக்கப்படாமலே ஆற்றோடு போன ஏடுகளும் உண்டு.