மூட்டையின் அடியில் கிடப்பவை

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் ஒரு மாலை, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவிலே நாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்குச் சென்றிருந்தோம். வெங்காயத்தின் விலையைக் கேட்டதும் நமக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, இது வியாபாரமா, கொள்ளையா?" என்று பலர் முன்னிலையில் கேட்டும் விட்டோம். கடைக்காரர் மறுமொழி கூறவில்லை. புதிதாக வந்த மூட்டையொன்றைப் பிரித்துத் தரையில் கொட்டினார். மேலே இருந்தவை திரண்டு சிவந்திருந்தன. அடியில் இருந்தவை கசிந்து நாறின. "இதற்கும் சேர்த்துத்தான் ஐயா பணம் கட்டியிருக்கிறேன்" என்றார்.

அழுகலை அவர் எறிந்துவிடவில்லை. பாதி கெட்டவற்றைப் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டுக் குறைந்த விலைக்கு வைத்தார். நாம் நிற்கும்போதே, தெரு ஓரத்தில் வடை சுட்டு விற்கும் ஓர் அம்மாள் வந்து அதிலே இரண்டு கிலோ வாங்கிப் போனார்.

வீடு திரும்பிச் செய்திகளைப் படித்த பின் நம் கோபம் வெட்கமாக மாறிற்று. அந்த மாதம் 8-ஆம் தேதி இந்திய சர்க்கார் வெங்காய ஏற்றுமதியைத் தடுத்திருந்தது. உள்நாட்டிலே விலை ஏறுகிறது என்பது காரணம். 2024 மே 4-ஆம் தேதிதான் தடை நீங்கிற்று. இங்கே நாம் விலை ஏறியதென்று கூச்சலிட்ட அதே மாதத்தில், நாசிக் பக்கத்து விவசாயிகள் விலை விழுந்ததென்று தெருவில் இறங்கினர். விளைவித்தவனுக்கும் இலாபமில்லை, உண்பவனுக்கும் இலாபமில்லை. இடையே நிற்கும் கடைக்காரரை வைவது எளிது. அதைத்தான் நாம் செய்தோம்.

நிற்க, அரிசியின் கதையும் இதுவே. 2023 ஜூலை 20-ல் பாசுமதியல்லாத வெள்ளையரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடுத்தது. செப்டம்பர் 1-ல் இங்கே பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. உள்ளூர் அரிசி பல கடைகளில் காணாமற் போயிற்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில், பர்மா அரிசி வரத்துக் குன்றிப்போக, மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்தவர் நம் பாட்டியார். கப்பலை நம்பிய வயிறு என்று அவர் அடிக்கடி சொன்னது அன்று நமக்குப் பழங்கதையாகத் தோன்றியது.

தரம் பற்றியும் சொல்ல வேண்டும். வெங்காயத்தை அறுவடைக்குப் பின் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகும் வலைச் சாக்கிலே கட்டினால் கடல் கடந்தும் நிற்கும். ஈரத்தோடு அடைத்தால் வழியிலேயே அழுகும். இதற்குப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. நாடுகளுக்குப் பொதுவான உணவு விதிகளை வகுக்க 1963-ஆம் ஆண்டு முதல் கோடெக்ஸ் சபையும் இருக்கிறது. ஆயினும், 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து சென்ற சில மசாலைப் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஹாங்காங் கண்டு விற்பனையை நிறுத்திய பின்னரே, நம் வீட்டு அலமாரியில் இருப்பதை நாமும் எடுத்துப் பார்த்தோம். அந்நியன் சோதித்தால்தான் நம் உணவுக்குத் தரம் உண்டா?

நாம் கேட்பது அதிகமில்லை. தடை விதிப்பவர் முன்னறிவிப்புக் கொடுக்கட்டும். அனுப்புகிறவர் மேலுக்கு ஒன்றும் அடிக்கு ஒன்றும் வையாதிருக்கட்டும். வாங்குகிற நாடு தன் மண்ணிலும் கொஞ்சம் விளைவிக்கட்டும். இம்மூன்றும் தவறும்போது நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதை அந்தப் பெட்டி காட்டிற்று.

மறுவாரம் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே நல்ல வெங்காயமாகப் பொறுக்கி நிறுத்துக் கொடுத்தார். பெட்டி அங்கேயே இருந்தது. நமக்குப் பொறுக்கியது போக எஞ்சியது அதிலேதான் விழுந்தது.