மூணு ஷிப்ட், ஒரே உடம்பு

எங்க வீட்டுல பகல்ல மிக்ஸி போட மாட்டோம். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம்னா, குக்கர் விசிலுக்குக்கூட அம்மா பயப்படுவாங்க. அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட். சின்ன வயசுல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ‘அப்பா கோவக்காரர்’ என்பதுதான்.

போன வருஷம் ஒரகடத்தில் ஒரு மாச இன்டர்ன்ஷிப். மூன்றாவது வாரம் எனக்கும் நைட் ஷிப்ட். விடியற்காலை நாலு மணிக்கு 12.05 மில்லிமீட்டரை 12.50 என்று எழுதி வைத்தேன். சூப்பர்வைசர் திட்டலை. “போய் டீ குடிச்சிட்டு வாப்பா”ன்னார். காலையில் படப்பையில் இறங்க வேண்டியவன், பஸ்ஸில் தூங்கி வண்டலூரில் முழித்தேன். ரூமுக்கு வந்து படுத்தால் தூக்கமே இல்லை.

ஏன் இப்படின்னு படிச்சுப் பார்த்தேன். மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கு. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது நேரத்தைத் திருத்திக்கும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேரம் நகர ஒரு வாரம் வேணும். அதுக்குள்ள அடுத்த ஷிப்ட். போதாததுக்கு, கேட்டை விட்டு வெளியே வந்ததும் காலை வெயில் அதைப் பழைய நேரத்துக்கே இழுக்கும். உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது என்று 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கு.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழு செய்த ஒரு ஆய்வு 1981இல் வெளியானது. இருட்டுக் குகைக்குள் அடைத்து வைத்த வௌவால், மற்ற வௌவால்கள் வெளியே போய் வருவதை வைத்தே நேரம் தப்பாமல் இருந்தது. கூட்டம் இல்லாதபோது அதன் கடிகாரம் தன்போக்கில் விலகிப் போனது. படிச்சதும் அப்பா ஞாபகம்தான் வந்தது. நாங்க எழும்போது படுப்பார், நாங்க சாப்பிடும்போது கிளம்புவார். ஒரே வீடு, வேற நேரம். அது கோவமில்லை, தூக்கமில்லாமை.

ஸ்டைபண்ட் காசுல அவர் ரூம் ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரைச்சீலை வாங்கிப் போட்டேன். “எதுக்குடா வெட்டிச் செலவு?”ன்னார். அன்னைக்கு மதியம் ரெண்டு மணி வரை எழுந்திருக்கலை.

இப்போ பிளேஸ்மென்ட்ல எனக்கு வந்த ஆஃபரும் அதே ரோட்டுலதான். நம்ம பேட்ச்ல பலர் அந்தப் பக்கம்தான் போகப் போறோம். ஆஃபர் லெட்டரைக் காட்டினேன். சம்பளத்தை அப்பா பார்க்கவே இல்லை.

“ஷிப்ட் எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாறும்னு கேட்டியா?”

நான் கேட்கலை. நீங்க கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.