பூட்டு ஊரின் பிளே-ஆஃப் கதை!

திண்டுக்கல்லுனு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் பாஸ்? பிரியாணி, பூட்டு, மலைக்கோட்டை, அப்புறம் பழநிக்கும் கொடைக்கானலுக்கும் போற வழியில பஸ் பத்து நிமிஷம் நிக்கிற ஊர். சரிதான். ஆனா அந்த லிஸ்ட்டுல இன்னொரு அயிட்டத்தையும் சேர்த்துக்கோங்க. பிளே-ஆஃப்!

டி.என்.பி.எல்.லின் திண்டுக்கல் டிராகன்ஸ் டீமைத்தான் சொல்றேன். 2018-ல இருந்து 2025 வரைக்கும் நாலு ஃபைனல். அதுல ஜெயிச்சது ஒண்ணு, தோத்தது மூணு. ஜெயிச்சது சொந்த ஊர்ல இருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, சேப்பாக்கத்துல. சொந்த மண்ணுல ஆடின ஒரே ஃபைனல்ல வாங்கினது, ஒரு ஊரே பத்து வருஷம் மறக்க முடியாத அடி. அந்த அடியை நேர்ல பார்க்கக் கொடுத்து வெச்ச பாவிகள்ல நானும் ஒருத்தன்!

வாங்க, முதல்ல கிரவுண்டுக்குப் போவோம்.

மாந்தோப்புக்கு நடுவுல ஒரு ஸ்டேடியம்

திண்டுக்கல் டீமோட கிரவுண்டு திண்டுக்கல் டவுன்ல இல்லை. இதுதான் வெளியூர்க்காரங்க பண்ற முதல் தப்பு. மலைக்கோட்டை பக்கம் இறங்கி ‘ஸ்டேடியம் எங்கண்ணே?’னு கேட்டா சிரிப்பாங்க. காமராஜர் பஸ் ஸ்டாண்டுல நத்தம் பஸ்ஸைப் பிடிங்க. சாணார்பட்டி, கோபால்பட்டினு போகும். ஜன்னலோர சீட் கிடைச்சா விட்டுடாதீங்க. சமவெளியில ஓடிக்கிட்டே இருக்கிற ரோட்டுக்கு ஒரு பக்கம் சிறுமலை கூடவே வரும். நத்தம் நெருங்க நெருங்க மாந்தோப்பும் புளியமரமும். ஆனி, ஆடி மாசம்னா காத்து வேற... தலை சீவிட்டுப் போனா வேஸ்ட்!

நத்தம் பக்கத்துல இருக்கிற என்.பி.ஆர். கல்லூரி மைதானம்தான் டிராகன்ஸோட வீடு. ஆமா, காலேஜ் கிரவுண்டு. நாம அசைன்மென்ட் எழுதாம கட் அடிச்சு உட்காருவோமே, அந்த மாதிரி ஒரு காலேஜோட கிரவுண்டு. 2016-ல டி.என்.பி.எல். தொடங்கினப்பவே மேட்ச் நடந்த மூணு ஊர்ல சென்னை, திருநெல்வேலியோட இதுவும் ஒண்ணு. ரஞ்சி மேட்ச்சும் இங்கே நடந்திருக்கு. 2019 டிசம்பர்ல கர்நாடகா கிட்ட தமிழ்நாடு 26 ரன்ல தோத்தது இங்கேதான். கிருஷ்ணப்பா கௌதம் ஒரே ஆளா 14 விக்கெட் எடுத்துட்டுப் போனார். நம்ம மண்ணுல நமக்கே அடி விழற பழக்கம் அப்பவே ஆரம்பிச்சிருச்சு போல!

அரியர் தெரிஞ்சா பிளே-ஆஃப் தெரியும்

கிரிக்கெட் பார்க்காதவங்களுக்காக ஒரு குட்டி கிளாஸ். மொத்தம் எட்டு டீம். லீக் முடிஞ்சதும் முதல் நாலு இடம் பிடிச்சவங்களுக்குத்தான் பிளே-ஆஃப். முதல் ரெண்டு இடத்துக்காரங்க குவாலிஃபயர்-1 ஆடுவாங்க. ஜெயிச்சா நேரா ஃபைனல். தோத்தாலும் வீட்டுக்குப் போக வேணாம், குவாலிஃபயர்-2-ல இன்னொரு சான்ஸ் உண்டு. அதாவது அரியர்! மூணாவது, நாலாவது இடத்துக்காரங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எலிமினேட்டர்ல தோத்தா டி.சி. வாங்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இந்த முறை ஆஸ்திரேலியாவுல, விக்டோரியா ஃபுட்பால் லீக்ல 1931-லேயே வந்தது. ஐ.பி.எல். 2011-ல எடுத்துக்கிச்சு. ஐஸ் ஹாக்கி ஆடுற என்.ஹெச்.எல்.ல இதைவிடப் பொறுமை. ஒரே டீமோட ஏழு மேட்ச் வரைக்கும் ஆடி, முதல்ல நாலு ஜெயிக்கிறவன்தான் அடுத்த ரவுண்டு. அவ்வளவு சான்ஸ் குடுத்தும் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் டீம் 1967-க்கு அப்புறம் ஸ்டான்லி கோப்பையைத் தொடவே இல்லை. 1967-னா அண்ணா முதலமைச்சர் ஆன வருஷம்! டொரன்டோவுல இருக்கிற நம்ம தமிழ்ச் சொந்தங்களைக் கேட்டா கதை கதையா அழுவாங்க. அதோட ஒப்பிட்டா திண்டுக்கல் காத்திருந்தது ஒண்ணுமே இல்லை. ஆனா காத்திருந்தவனுக்குத்தானே தெரியும்?

12 ரன்... ஒரே ஒரு ஓவர்...

2018 ஆகஸ்ட். சேப்பாக்கத்துல ஃபைனல். எதிர்ல யாரு? மதுரை! பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட தோக்கிறதுதான் இருக்கிறதுலயே மோசமான தோல்வி. திண்டுக்கல் 117-க்கு ஆல் அவுட். மதுரையும் சடசடனு மூணு விக்கெட்டை விட்டுச்சு. ‘கப்பு நமக்குத்தான்டா’னு எழுந்து நின்னவங்க அப்படியே உட்கார்ந்தாங்க. அருண் கார்த்திக்கும் ஷிஜித் சந்திரனும் கடைசி வரைக்கும் அவுட்டே ஆகலை. ஏழு விக்கெட்ல மதுரை சாம்பியன்.

2019 ஆகஸ்ட் 15. மறுபடியும் சேப்பாக்கம், மறுபடியும் ஃபைனல். எதிர்ல சேப்பாக் சூப்பர் கில்லீஸ். ஜெயிக்க வேண்டியது வெறும் 127. டி20-ல இது தூக்கத்துலயே அடிக்கிற ஸ்கோர். திண்டுக்கல் எடுத்தது 114. பெரியசாமி 15 ரன் குடுத்து 5 விக்கெட். நடராஜனோட ஊரான சேலம் சின்னப்பம்பட்டியில இருந்து வந்த பையன். கிராமத்துப் பசங்க மேல வரணும்னுதானே இந்த லீக்? வந்தான். நம்ம கப்பைத்தான் தட்டிட்டுப் போனான். கோபப்படவும் முடியலை பாருங்க!

அதே மாசம்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. பூட்டுக்கு கௌரவம் வந்துருச்சு, கோப்பைக்குச் சாவி மட்டும் வரலை.

2021-லயும் பிளே-ஆஃப் வந்தாங்க, ஃபைனலுக்கு முன்னாடியே கதை முடிஞ்சது. 2023-தான் கொடுமை. குவாலிஃபயர்-1-ல கோவைகிட்ட தோல்வி. பரவாயில்லை, அரியர் இருக்கே! குவாலிஃபயர்-2-ல நெல்லைக்கு எதிரா 185 ரன் குவிச்சாச்சு. கடைசி ரெண்டு ஓவர்ல நெல்லைக்கு 37 வேணும். யாராவது அடிப்பாங்களா? அடிச்சாங்க. 19-வது ஓவர்ல மட்டும் 33 ரன்! ரித்திக் ஈஸ்வரன், அஜிதேஷ்னு ரெண்டு பேரைக் கேட்டாலே எங்க ஊர்ல இன்னும் சில பேருக்கு பி.பி. ஏறும். அந்த நெல்லை டீம் கேப்டன் யார் தெரியுமா? 2018-ல மதுரைக்காக நின்னு அழவெச்ச அதே அருண் கார்த்திக்!

சலுகை இல்லாம ஜெயிச்ச வருஷம்

2024-ல அரியர் சலுகையும் இல்லை. எலிமினேட்டர்ல ஆரம்பிச்சு மூணு மேட்சையும் வரிசையா ஜெயிச்சாகணும். கேப்டன் அஸ்வின். டெஸ்ட்ல 500 விக்கெட்டுக்கு மேல எடுத்த மனுஷன், பேட்டைத் தூக்கிட்டு மேல வந்து நின்னார். எலிமினேட்டர்ல சேப்பாக்கத்துக்கு எதிரா 35 பந்துல 57. குவாலிஃபயர்-2-ல திருப்பூருக்கு எதிரா 30 பந்துல 69 நாட் அவுட். ஆகஸ்ட் 4 ஃபைனல்ல கோவை வெச்ச 130-ஐத் துரத்துறப்போ பொறுமையா 46 பந்துல 52. மூணு மேட்ச், மூணு அரை சதம். பத்து பந்து மிச்சம் இருக்கும்போதே 6 விக்கெட்ல சாம்பியன்!

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல நான் போட்ட ஆட்டத்துக்கு வார்டன் வந்துட்டார். அப்போ என் கோயம்புத்தூர் ரூம்மேட் ஒருத்தன் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி...

‘‘ஏன்டா துள்றே? அஸ்வின் மேற்கு மாம்பலம். வருண் சக்கரவர்த்தி 2018-ல உங்களைத் தோக்கடிச்ச மதுரை டீம்ல இருந்தவர், இப்போ உங்க டீம். உங்க பழைய கேப்டன் ஜெகதீசன் சேப்பாக்கத்துக்குப் போயிட்டார். எல்லாரும் ஏலத்துல வர்றவங்க. இதுல எதுடா உன் திண்டுக்கல்?’’

நியாயமான கேள்வி. பதில் தெரியலை. தலையணையைத் தூக்கி எறிஞ்சேன். இன்ஜினீயரிங் மாணவனோட பதில் அவ்வளவுதான்!

ஜூலை 6, 2025

அடுத்த வருஷம் அந்தக் கேள்வியையும் தூக்கிக்கிட்டுத்தான் நத்தம் பஸ் ஏறினேன். 2022 ஃபைனல் கோவையில, 2023 நெல்லையில, 2024 சென்னையில. 2025-ல முதல்தடவையா நம்ம காலேஜ் கிரவுண்டுல! டிராகன்ஸும் சொல்லி வெச்ச மாதிரி உள்ளே வந்துட்டாங்க. இந்தத் தடவையும் எலிமினேட்டர் வழிதான். திருச்சிக்கு எதிரா அஸ்வின் 48 பந்துல 83. குவாலிஃபயர்-2-ல சேப்பாக்கத்துக்கு எதிரா விமல் குமார் ஒரே ஓவர்ல ஒரு ஃபோர், அஞ்சு சிக்ஸர்னு 34 ரன். நாங்க எல்லாம் மனசுக்குள்ள கப்பை வாங்கி ஷெல்ஃப்ல வெச்சாச்சு.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பஸ்ஸுல நிக்க இடமில்லை. எனக்குப் பக்கத்துல கம்பியைப் பிடிச்சு நின்னவர் டவுன்ல பூட்டுப் பட்டறையில வேலை பாக்கிறவர். அம்பது வயசு இருக்கும். கூட எட்டாவது படிக்கிற மகன். பையன் முகத்துல மஞ்சளும் சிவப்புமா என்னமோ தீட்டியிருந்தான்.

மேட்ச் ஆரம்பிச்சது. திருப்பூர் ஓப்பனிங்ல துஷார் ரஹேஜாவும் அமித் சாத்விக்கும் 121 ரன் சேர்த்தாங்க. ரஹேஜா 77, சாத்விக் 65. மொத்தம் 220. திண்டுக்கல் இறங்குச்சு... இறங்கிக்கிட்டே இருந்துச்சு. 14.4 ஓவர்ல 102-க்கு ஆல் அவுட். 118 ரன் தோல்வி. இவ்வளவுதான் மேட்ச்.

ஆறாவது விக்கெட் போறப்பவே பாதிப் பேர் பைக் சாவியைத் தேட ஆரம்பிச்சிட்டாங்க. நானும் எழுந்தேன். அந்த அண்ணன் மட்டும் எழுந்திருக்கலை.

‘‘இதுல இன்னும் என்னண்ணே இருக்கு, கடைசி பஸ்ஸும் போயிரும்’’னேன்.

‘‘இருக்கட்டும் தம்பி. போன வருஷம் சென்னையில ஜெயிச்சப்போ டி.வி.யிலதான் பார்த்தோம். இன்னிக்கு நம்ம ஊரைத் தேடி வந்திருக்கு. வீட்டுக்கு வந்தவங்களை முழுசா இருந்து அனுப்பி வைக்கணும்ல?’’

எனக்குச் சுருக்குனு ஆச்சு. உட்கார்ந்துட்டேன். திருப்பூர் பசங்க கப்பைத் தூக்குறப்போ அந்த எட்டாவது பையன் அழுதுக்கிட்டே கைதட்டினான். மூஞ்சில சாயம் எல்லாம் வழிஞ்சு கன்னாபின்னானு இருந்தான். அவனுக்கு அஸ்வின் எந்த ஏரியான்னும் தெரியாது, யார் எந்த ஏலத்துல எவ்வளவுக்குப் போனாங்கன்னும் தெரியாது. ‘அடுத்த வருஷம் யாருப்பா நம்ம கேப்டன்?’னு அப்பாகிட்ட கேட்டான்.

நான் நினைச்ச மாதிரியே கடைசி பஸ் போயிருச்சு. கோபால்பட்டி வரைக்கும் ஒரு லோடு வண்டியில, அங்கேயிருந்து இன்னொருத்தரோட பைக்ல... வீடு சேரும்போது ஒரு மணி. அம்மா திட்டினது தனிக் கதை!

மறுநாள் ரூம்மேட்டுக்கு போன் போட்டு, ‘‘டேய், பிளேயருங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. ஆனா அந்தக் கிரவுண்டுல கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் திண்டுக்கல்காரங்கடா’’னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘‘சரி, 118 ரனா?’’னு கேட்டுச் சிரிச்சான். கோயம்புத்தூர்க் குசும்பு!

போறவங்க கவனத்துக்கு...

* மேட்ச் இல்லாத சீசன்லயும் நத்தம் ரோடு ஒரு ரவுண்டு போகலாம். சித்திரை, வைகாசினா மாம்பழ சீசன். ரோட்டோரமே வாங்கலாம்.

* மாசித் திருவிழா சமயத்துல போனா நத்தம் மாரியம்மன் கோயில் கழுமரம் ஏறுறதைப் பார்க்கலாம். வழுக்கி வழுக்கி விழுந்து, மறுபடி ஏறி... டிராகன்ஸோட பிளே-ஆஃப் வரலாற்றை லைவா பார்த்த மாதிரியே இருக்கும்.

* நைட் மேட்ச்சுக்குப் போனா திரும்பி வர வண்டியை முதல்லயே ஏற்பாடு பண்ணிக்கோங்க. அனுபவஸ்தன் சொல்றேன்!

* மேட்ச் முடிஞ்சு டவுனுக்கு வந்து பிரியாணி சாப்பிடலாம்னு பிளான் போடாதீங்க. போகும்போதே சாப்பிட்டுடுங்க. ஜெயிப்போமா தோப்போமான்னு யாருக்குத் தெரியும், வயிறாவது நிறையட்டும்!