அலை வரைக்கும் ஒரு பாதை

சென்னை மெரினாவில் மணலின் மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர்கள் கடலுக்குப் பக்கத்தில் போவதற்கானது. 2022 நவம்பரில் திறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டிச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டு எடுத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் அவர்களுக்குக் கடல் பார்க்க ஆசை வராதா? நிரந்தரமாக வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் விடாமல் கேட்டு வாங்கியது இது. யாரும் தந்த சலுகை இல்லை.

திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. வீண் செலவு என்று சிலர் எழுதியதைப் படித்து எனக்குக் கோபமே வந்தது. புயலில் சாலை அரித்துப்போனால் இனி சாலையே வேண்டாம் என்கிறோமா? நல்லவேளை, சரிசெய்தார்கள்.

ஆனால் அந்தப் பாதை தொடங்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்வது? வீட்டு வாசற்படி, உயரமான நடைபாதை, ஏற முடியாத பேருந்து எல்லாம் தாண்ட வேண்டுமே. மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் போய்வர வகைசெய்யும் அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

உங்கள் தெருவில் புது நடைபாதை போட்டால், சரிவு வைக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் சிமென்ட் காயும் முன்பே கவுன்சிலரிடம் கேளுங்கள். நானும் எங்கள் வார்டில் கேட்கிறேன்.