கணக்கு யாரிடம் போகிறது?

ஸ்தல ஸ்தாபனச் சிப்பந்திகளுக்குப் பயிற்சி அளிப்பது நமது உத்தியோகம். இப்படி ஓர் உத்தியோகம் உண்டென்று சொன்னால் நேயர்களில் பலர் நம்பமாட்டார்கள். ரிப்பன் பிரபு 1882-ஆம் வருஷத்திலேயே ஸ்தல சுயாட்சியை ஜனங்களுக்கு அரசியல் கல்வி புகட்டும் சாதனமென்று கருதினார். ஜனங்களுக்குக் கல்வி சரி. அவர்களுடைய கணக்கை எழுதும் காரியதரிசிக்கு?

சட்டத்தைப் போதிப்பது சுலபம். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ந் தேதி அமுலுக்கு வந்ததையும், பஞ்சாயத்துகளுக்குரிய 29 விஷயங்களையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். வரி ரசீதும் ரொக்கப் புத்தகமும் அதற்கடுத்த வகுப்பு. கஷ்டமான பாடம் வேறு.

ஸ்தல ஸ்தாபனப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2016-இல் நிறைவேறியது. ஜனங்களின் வோட்டைப் பெற்ற அம்மாள் தலைவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். காரியதரிசியோ கணக்கை அவருடைய கணவரிடம் நீட்டுவார்! ஏனென்று கேட்டால், "அவருக்குத்தான் ஸார், விவரம் தெரியும்" என்பார். விவரத்தை அம்மாளிடம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

ஆகவே வகுப்பில் ஒருவரைத் தலைவியாக அமர்த்தி, மற்றொருவரை வரவு செலவு வாசிக்கச் சொல்கிறோம். முதலில் ஒரே சிரிப்பு. "தெருவிளக்குக்கு இவ்வளவு தொகையா? பில் எங்கே?" என்று 'தலைவி' கேட்டதும் வாசிப்பவர் முகம் வியர்க்கிறது. சிரிப்பும் அடங்குகிறது.

ஊர் திரும்பியபின் இவர்களில் எத்தனை பேர் கணக்கை அம்மாளிடம் கொடுக்கிறார்கள்? அதற்கு நம்மிடம் ரிஜிஸ்தர் கிடையாது. பயிற்சிக்கு வந்தவர்களின் ஆஜர்ப் பட்டியல் மட்டும் கையெழுத்துகளுடன் பத்திரமாக இருக்கிறது.