சிப்பி மேடும் நிழலற்ற நண்பகலும்

கெராங் மட்டி போடாத சார் குவே தியாவ் வேண்டாம் என்று அக்காள் மகன் அடம்பிடித்த இரவில்தான் குவார் கெப்பா நினைவுக்கு வந்தது. கெப்பா என்பது மலாயில் ஒரு வகை மட்டி. குவார் என்றால் கெடா வழக்கில் மேடு. நம் பினாங்கைச் சேர்ந்த செபராங் பிறையின் வடகோடியில், மூடா ஆற்றுப் பக்கம், மனிதர்கள் தின்று எறிந்த ஓடுகளே குவிந்து குவிந்து மேடாகிப்போன இடம். கடல் இப்போது அங்கிருந்து விலகி இருக்கிறது. ஐந்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரம். மட்டி பொறுக்கியவர்களுக்கு அலை வீட்டு வாசலில்.

அந்த ஓடுகளைப் பின்னாளில் சுண்ணாம்புக் காளவாயில் போட்டுச் சுட்டார்கள். வெற்றிலையில் தடவியும் சுவரில் பூசியும் கரைந்துபோன வரலாறு எவ்வளவோ! மிஞ்சிய மேடுகளைத் தோண்டியபோது கிடைத்த 41 பேரின் எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போயின. 2017 ஏப்ரலில், அதே இடத்தில் காட்சியகம் கட்ட மண்ணை வெட்டியபோது இன்னொருவர் வெளிப்பட்டார். ஒரு பெண். ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். சுற்றிலும் மட்பாண்டம், கற்கருவி, சிப்பி. ‘பினாங்குப் பெண்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அக்காள் மகன் டைனோசர் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். இந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறான். குற்றம் அவன்மேல் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்.

*

அந்தப் பெண்ணுக்கும் மூத்தவர், பேராக்கின் லெங்கோங் குகையில் 1991-இல் கிடைத்த ‘பேராக் மனிதன்’. வயது சுமார் 10,000 ஆண்டுகள். கண்டெடுத்த குழு நம் கெலுகோரிலுள்ள யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தலைமை தாங்கியவர் பேராசிரியர் சுரைனா மஜித்.

பேராக் மனிதனின் இடக்கை பிறவியிலேயே வளர்ச்சி குன்றியது. விரல் எலும்புகள் குட்டை. மருத்துவர்கள் இன்றும் காணும் ஒரு மரபணுக் குறைபாடுதான். வேட்டையாடிப் பிழைத்த கூட்டத்தில் ஒற்றைக் கை உதவாத ஒருவர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் கால்களை மடக்கி, கருவில் கிடக்கும் குழந்தையைப் போலக் கிடத்தி, இறைச்சியும் கற்கருவிகளும் உடன் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். இவருக்குச் சோறிட்டவர்கள் யார்? எலும்பு அதைச் சொல்லாது. ஆனால் யாரோ இட்டிருக்கிறார்கள்.

*

அதே லெங்கோங்கில் புக்கிட் பூனோ. பூனோ என்றால் கொலை. கொலைமலை என்ற பெயருக்கு ஊரில் என்ன கதையோ, பாறை சொல்லும் கதை வேறு: அங்கே ஒரு விண்கல் விழுந்தது. அந்த அடியில் உருகிக் குழம்பி இறுகிய பாறைக்கு 18 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டு என்று கணக்கிட்டார்கள். அதற்குள் கைக்கோடரி ஒன்று புதைந்திருப்பதாக 2009-இல் யுஎஸ்எம் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கோடரிக்கும் அதே வயதுதானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. விண்கல்லை நம்புகிறேன், கோடரிக்கு இன்னும் சான்று வேண்டும்.

சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்துக் கற்கருவிகளுக்கு வயது சொன்னதும் விண்வெளிதான். வெளியில் கிடக்கும் கல்லின்மேல் விண்கதிர்கள் பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கல்லுக்குள் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் அரிய அணுக்கள் உண்டாகும். மண்ணில் புதைந்ததும் கதிர் நின்றுவிடும். இருக்கும் அணுக்கள் சிதையத் தொடங்கும். அலுமினியம் வேகமாகச் சிதையும், பெரிலியம் மெல்ல. மிச்சமிருக்கும் விகிதத்தைப் பார்த்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரியும். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் உடன் உழைத்தவர்களும் 2011-இல் தந்த விடை: சுமார் 15 லட்சம் ஆண்டுகள். இந்த முறை எனக்குப் புரிந்த அன்று தூக்கமே வரவில்லை.

*

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் மருத்துவர் வூ லியன் தே. 1879-இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லருக்குப் பிறந்தவர். பினாங்கு ஃபிரீ ஸ்கூல் மாணவர், பிறகு கேம்பிரிட்ஜ். ஊருக்குத் திரும்பி அபினுக்கு எதிராகப் போராடினார். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பினில் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது சீன அரசு அவரைத்தான் அனுப்பியது.

பிளேக் என்றால் எலி, தெள்ளுப்பூச்சி என்று எல்லாரும் நம்பிய காலம். அறுத்துப் பார்த்த உடலில் நுரையீரலைக் கண்டு, இது மூச்சில் பரவுகிறது என்றார் வூ. துணியையும் பஞ்சையும் அடுக்கிக் கட்டும் முகக்கவசத்தை எல்லாருக்கும் கொடுத்தார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்காமல், கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் இறந்தார். உறைந்த மண்ணில் குழி வெட்ட முடியாமல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்கள் கிடந்தன. பேரரசின் அனுமதி வாங்கி அவற்றை எரித்தார். அறுபதாயிரம் பேரைக் கொன்ற நோய் 1911 வசந்தத்தில் அடங்கியது. கொரோனாக் காலத்தில் நாம் மாட்டித் திரிந்த கவசத்துக்குப் பின்னே இந்தப் பினாங்குக்காரரின் பிடிவாதமும் இருந்தது. 1960-இல் இங்கேயே காலமானார்.

*

பிள்ளைகளுக்குக் காட்ட இன்னொன்றும் உண்டு. நம் பினாங்குத் தீவு நிலநடுக்கோட்டுக்கு 5.4 பாகை வடக்கே. ஆகவே ஆண்டுக்கு இருமுறை சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும்: ஏப்ரல் 3, 4 வாக்கிலும் செப்டம்பர் 8, 9 வாக்கிலும். சென்னைக்கு அது ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும்.

இங்கே உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு இல்லை. நாம் இருப்பது கிழக்கே 100 பாகையில். 1982 முதல் நம் கடிகாரம் ஓடுவதோ 120 பாகைக்கு. எனவே ஒன்றேகாலைத் தாண்ட வேண்டும். கடை முன்னுள்ள அஞ்சடி நடைபாதையை விட்டு வெயிலில் இறங்கி, ஒரு போத்தலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். சூரியனை நேரே பார்க்க வேண்டாம், தரையைப் பார்த்தால் போதும். நிழல் சுருங்கிச் சுருங்கிப் போத்தலின் அடிக்குள் போய்விடும். பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.